ஈரமில்லாமல் நிறுத்துங்கள்

கேரவன் வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைப்பதற்கு முன் அதன் தண்ணீர் அமைப்பை முழுவதும் வடித்துவிட வேண்டும் என்பது குளிர்நாட்டுக் கையேடுகள் எல்லாம் சொல்லும் பாடம். அவை காட்டும் காரணம் பனிக்காலம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அந்த விரிவுக்கு இடமில்லாத குழாய் வெடிக்கும், பம்பின் தலைப்பகுதி பிளக்கும், ஹீட்டரின் உள்தொட்டி விரிசல் விடும். மைசூரில் அப்படி ஒரு குளிர் இல்லை. 2012 ஜனவரியில் வெப்பநிலை 7.7 டிகிரி வரை இறங்கியதையே இன்றும் இங்கே பெருங்குளிர் என்று பேசுகிறோம். அதனால் நம் தொழிலில் பலர் அந்தப் பாடத்தைப் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. தண்ணீரை வடிக்கும் வேலை நமக்கும் உண்டு. மாதமும் காரணமும்தான் வேறு.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். குளிர்காலம் நமக்குச் சம்பாதிக்கும் காலம். தசராவில் தொடங்கும் ஓட்டம் ஜனவரி வரை ஓய்வதில்லை. பிறகு கோடை விடுமுறை வந்து மே மாதம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. வண்டிகள் ஷெட்டுக்குள் போவது ஜூனில்தான். பள்ளிகள் திறந்துவிடும், தென்மேற்குப் பருவமழை மலைச்சாலைகளை மூடும். 2018 ஆகஸ்டில் குடகிலும் 2024 ஜூலை 30 அன்று வயநாட்டிலும் மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் அந்த மாதங்களில் குடும்பத்தோடு மலையேறத் தயங்குவதில் வியப்பில்லை. ஆக நம் வண்டிகள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நிற்கின்றன. அப்படி நிற்கும்போது கடைசிப் பயணத்தில் மிச்சமான தண்ணீர் தொட்டியில் கால்வாசியோ அரைவாசியோ அப்படியே கிடக்கிறது. தசரா நெருங்கியதும் வண்டியைக் கழுவுகிறோம், பேட்டரியைப் பார்க்கிறோம், மெத்தை விரிப்பை மாற்றுகிறோம், தொட்டியில் இருக்கும் தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை நிரப்பி அனுப்பிவிடுகிறோம்.

இனி காரணம். பருவமழை மாதங்களில் மைசூரில் பகல் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். ஷெட்டுக்குள் நிற்கும் தொட்டியின் தண்ணீரும் அந்த எல்லைக்குள்தான் இருக்கும். குழாய் நீரில் வந்த குளோரின் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு தொட்டியின் சுவரிலும் குழாயின் உட்புறத்திலும் வழவழப்பான ஒரு படலம் படியத் தொடங்கும். கையால் தடவினால் தெரியும். அது வெறும் பாசி அல்ல. நுண்ணுயிர்கள் கூடி வாழும் இடம். அவற்றில் நாம் அஞ்ச வேண்டியது லெஜியோனெல்லா. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர் சங்கத்தினரில் பலரை நிமோனியா தாக்கியது. 29 பேர் இறந்தார்கள். காரணமான பாக்டீரியாவை அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்தப் படைவீரர் சங்கத்தின் பெயரே கிருமிக்கும் நிலைத்துவிட்டது.

இந்தக் கிருமி 20 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடையில் பெருகும். 60 டிகிரிக்கு மேல் விரைவில் சாகும். தண்ணீரைக் குடிப்பதைவிட அதன் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. கேரவன் வண்டியில் அப்படி நுண்துளி எழுப்பும் பொருள் ஷவர். மூன்று மாதம் நின்ற தண்ணீர் ஷவர் குழாயில் தங்கியிருக்க, கைவிரிக்கவும் இடமில்லாத குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் பயணி குளிக்கிறார். நோய் வெளிப்படப் பெரும்பாலும் 2 முதல் 10 நாட்கள் ஆகும். அதற்குள் அவர் ஊர் திரும்பியிருப்பார். சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஒரு மருத்துவமனையில் அது நிமோனியா என்று பதிவாகும். வண்டியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், நமக்கும் செய்தி வராது. புகார் வரவில்லை என்பதால் வண்டி சுத்தமாக இருக்கிறது என்று நாம் முடிவு கட்ட முடியாது. இந்த இதழ் இந்தப் பொருளைக் கையில் எடுப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

இரண்டாவது எதிரி ஏடிஸ் கொசு. டெங்குவைப் பரப்பும் இந்தக் கொசுவுக்கு மூடியில்லாத ஒரு நிரப்புக்குழாய் போதும், வலையில்லாத ஒரு காற்றுக்குழாய் போதும். நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். தண்ணீரை வடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவாமல் காயவைப்பதில் பாதிப் பயன்தான்.

மூன்றாவது உப்பு. மைசூர் நகரக் குழாய்களில் வருவது காவிரி, கபினி நீர். ஆனால் நகர எல்லையைத் தாண்டிய ஷெட்டுகளிலும் வழியிலுள்ள விடுதிகளிலும் நாம் பிடிப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க எல்லை லிட்டருக்கு 200 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீர் குழாய்க்குள் துளித்துளியாகக் காய்ந்தால் பம்பின் ரப்பர் வால்விலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளை உப்பு ஏறும். அந்த உப்பின் இடுக்கில் படலம் இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். வடிப்பதற்கு முன் கடைசியாக ஒரு முறை மென்மையான ஆற்று நீரால் முழு அமைப்பையும் அலசுவது இதனால்தான்.

வேலையை மே மாதக் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பருவமழைக் காற்றில் ஈரம் ஏறிய பிறகு எதுவும் எளிதில் காயாது. வரிசை முக்கியம். முதலில் ஹீட்டரை அணைத்து, உள்ளிருக்கும் நீர் ஆறும்வரை விடுங்கள். சூடான தொட்டியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. பிறகு நல்ல தண்ணீர்த் தொட்டியின் வடிகாலைத் திறந்து காலி செய்யுங்கள். மேடான தரையில் முன்சக்கரத்தையோ பின்சக்கரத்தையோ ஏற்றி, வடிகால் பக்கம் சாய்வாக நிறுத்தினால் மூலையில் தேங்குவதும் வந்துவிடும். அடுத்து சூடு, குளிர் இரண்டு பக்கக் குழாய்களையும் திறந்து விடுங்கள். ஷவர் தலையைக் கழற்றிக் குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழிறக்குங்கள். கழிப்பறை ஃபிளஷை அழுத்துங்கள். பம்பை ஓடவிட்டு, தண்ணீர் நின்று காற்று வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வெறுமனே ஓடவிடாதீர்கள். ஹீட்டரின் அடிவடிகாலைத் திறக்க மறப்பவர்கள் அதிகம். மற்றதெல்லாம் காய்ந்தாலும் பத்து லிட்டர் அங்கேயே தங்கிவிடும்.

ஃபில்டர் கேட்ரிட்ஜைக் கழற்றி எறியுங்கள். நனைந்த கேட்ரிட்ஜை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைப்பது கிருமியை எடுத்து வைப்பதற்குச் சமம். பிறகு கம்பிரசர் காற்றை 2 பாருக்கு மிகாமல் வைத்து ஒவ்வொரு குழாயாக ஊதுங்கள். டயருக்கு அடிக்கும் அழுத்தத்தில் ஊதினால் இணைப்புகள் கழன்றுவிடும். கடைசியாகத் தொட்டியின் மூடியைத் திறந்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, மேசை விசிறியை வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். காற்றுக்குழாய், நிரப்புக்குழாய், கழிவுநீர்த் தொட்டியின் வாய் எல்லாவற்றுக்கும் கொசுவலை கட்டுங்கள். மண்கூடு கட்டும் குளவியும் எலியும் நுழையாமல் தடுப்பதும் அதே வலைதான். சிங்க், குளியலறை வடிகால் வளைவுகளில் தண்ணீர் வற்றினால் கழிவுத்தொட்டியின் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். அங்கே ரப்பர் அடைப்பான் போதும்.

கழிவுநீரை எங்கே விடுகிறோம் என்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். 2015, 2016 ஆண்டுகளின் தூய்மைத் தரவரிசையில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த நகரம் இது. கழிப்பறைத் தொட்டியை மழைநீர்க் கால்வாயிலோ பந்திப்பூர்ச் சாலையோரத்திலோ திறந்துவிடுகிறவரை நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று ஏற்க வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் விடுங்கள். இல்லையென்றால் கழிவுநீர் லாரியை வரவழையுங்கள்.

தசராவுக்கு முன் திறக்கும்போது செய்ய வேண்டியது குளோரின் சுத்தம். 100 லிட்டர் நீருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 100 மில்லி. அல்லது 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 15 கிராமை ஒரு பக்கெட் நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடி, 4 மணி நேரம் விடுங்கள். அலுமினியத்தால் ஆன ஹீட்டர் தொட்டியாக இருந்தால் அதைத் தவிர்த்து இணைப்பு கொடுங்கள். குளோரின் அதை அரித்துவிடும். குளியலறை கழுவும் ஆசிட்டை அதே நேரத்தில் வண்டிக்குள் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு மூடிய வண்டிக்குள் உயிருக்கே ஆபத்து. பிறகு வாசம் போகும்வரை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்டுகிறதா என்று பாருங்கள். ஒற்றைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உள்ள நீலகிரிக்குப் போகும் பயணி உங்கள் தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறார்.

நீலகிரி என்றதும் உறைபனி நினைவுக்கு வர வேண்டும். மைசூரிலிருந்து சுமார் 125 கிலோமீட்டரில், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊட்டி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும். சில நாள் அதற்குக் கீழேயும் போகும். வண்டிக்குள் இருக்கும் தொட்டிக்கு அந்தச் சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. வெளியே தொங்கும் ஷவர் குழாய், அடித்தட்டில் ஓடும் குழாய், பிளாஸ்டிக் ஃபில்டர் கிண்ணம் ஆகியவைதான் உடையக்கூடியவை. அங்கே இரவு தங்கினால் படுக்கப் போகும் முன் பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுவித்து, வெளிக்குழாய்களை வடித்துவிடுங்கள்.

உறையாமல் இருக்க ஏதாவது ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறோம்: வேண்டாம். குளிர்நாடுகளில் கேரவன் குழாய்களில் ஊற்றுவது நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் கலவை. நம் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் ரேடியேட்டர் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அது சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கும் நஞ்சு. நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது. இரண்டும் இளஞ்சிவப்பில் வருவதுண்டு. குடிநீர்க் குழாய்க்குள் கூலன்ட் ஒரு சொட்டும் போகக் கூடாது.

பாடி கட்டுபவர்களிடம் நம் கோரிக்கை இரண்டு. அமைப்பின் மிகத் தாழ்ந்த புள்ளியில், கருவி இல்லாமல் கையாலேயே திறக்கும் வடிகால் வால்வு வையுங்கள். தொட்டியின் மேல் கை முழுதும் நுழையும் அளவுக்கு மூடி வையுங்கள். கட்டில் பலகையைக் கழற்றினால்தான் தொட்டியைத் தொட முடியும் என்றால் அந்தத் தொட்டியை யாரும் கழுவப் போவதில்லை. கழுவாததற்குக் கிளீனரைக் குறை சொல்வதில் நியாயமும் இல்லை. வண்டி உரிமையாளர்களிடம் கோரிக்கை ஒன்று. இந்த வேலையை ஓட்டுநரின் ஓய்வு நேரத்தில் செருகாதீர்கள். அதற்கென்று நாள் ஒதுக்குங்கள், கூலி கொடுங்கள், கையுறை கொடுங்கள். வடித்த தேதி, குளோரின் போட்ட தேதி, செய்தவர் பெயர் மூன்றையும் எழுதிய அட்டையை வண்டிக்குள் மாட்டுங்கள். பயணி கேட்டால் காட்டுங்கள்; கேட்காவிட்டாலும் அவர் கண்ணில் படட்டும். அந்த அட்டை இல்லாத வண்டியைத் தசராவுக்கு அனுப்புவதில்லை என்று இந்த ஆண்டு முதல் நமக்குள் ஒரு விதி வைத்துக்கொள்வோம்.