ஒரு கிணறும் ஒன்பது ஆய்வேடுகளும்

எந்தப் பல்கலைக்கழகத்தினதும் ஆய்வரங்கச் சுருக்கப் புத்தகத்தை நடுவில் விரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் வாழைத்தோலில் இருந்து எதையோ பிரித்தெடுத்திருப்பார்கள். அடுத்த பக்கத்தில் சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம். அதற்கடுத்ததில் நுண்கடன் எடுத்த பெண்கள், பிறகு ஒரு சமன்பாடு, பிறகு நாட்டுக்கூத்தில் கட்டியகாரன். யாராவது இதைப் படம் எடுத்து முகநூலில் போட்டால் கீழே முதலாவதாக வருகிற கேள்வி தெரிந்ததுதான்: "உதுகளால ஆருக்கு என்ன பிரயோசனம்?" அந்தக் கேள்வி வாழைத்தோல்காரரிடம் பெரிதாகப் போவதில்லை. கட்டியகாரனை ஆராய்ந்த பிள்ளையிடம்தான் போய் நிற்கும். கலைப்பீடத்தில் படிக்கிற எல்லாருக்கும் இது பழகிப்போன விஷயம்.

என்னைக் கேட்டால், இந்தத் தலைப்புகள் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாமல் இருப்பதில் ஒரு பிழையும் இல்லை. சம்பந்தம் இருக்கிற இடத்திலகூட ஒருத்தர் செய்ததை மற்றவர் வாசிக்க முடியாமல் இருப்பதுதான் பிரச்சினை. இதைச் சும்மா சொன்னால் விளங்காது. யாழ்ப்பாணத்துக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வம்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஆறு. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். நாங்கள் அள்ளிக் குடிப்பது அந்த வில்லையைத்தான். புவியியலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம். மேலே 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழே உவர் 4 மீற்றர் ஏறிவிடும்.

பம்ப் போட்டு எவ்வளவு இறைக்கிறோம் என்று நீரியல்காரர் அளக்கலாம். பம்புக்கு முதல் எவ்வளவு இறைத்தார்கள் என்பதை எங்கே போய் அளப்பது? ஏற்றப் பாட்டுகளில் இறைப்பை எண்ணிப் பாடுகிற வழக்கம் உண்டு என்று நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். துலா மிதித்த ஒரு பெரியவரைப் பிடித்து, ஒரு பட்டை எத்தனை லீற்றர் கொள்ளும், வெங்காயத் தறைக்கு ஒருக்கால் இறைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டால் ஓரளவுக்கு ஒரு எண் வந்துவிடும். அந்தப் பெரியவர்கள் இன்னும் கனகாலம் இருக்கப்போவதில்லை. நீரியல்காரர் அவரிடம் போகமாட்டார். நாட்டார் வழக்காற்றியல் பிள்ளை போகும், பாட்டை எழுதிக்கொண்டு வந்துவிடும், லீற்றரைக் கேட்காது.

அடுத்தது நைத்திரேற்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களைச் சுற்றிய கிணறுகளில் இது கூட என்பதைப் பல வருடமாகப் பலர் அளந்து எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து செய்கிற வேலை இது. சுண்ணாம்புக் கல் எதையும் வடித்து வைத்திருக்காது. கூடினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகலாம் என்று மருத்துவம் சொல்கிறது. எங்கட வீடுகளில் தண்ணியில் சந்தேகம் என்றால் முதலில் செய்வது கொதிக்க வைப்பது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாகப் போக அதன் செறிவு கூடும். இரசாயனம் படித்தவருக்கு இது சின்ன விஷயம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தாய்க்கு அப்படி இல்லை. இதை அவவிடம் எப்படிக் கொண்டுபோவது என்பது இரசாயனக் கேள்வியே கிடையாது. வீட்டில் அப்பம்மா சொல்வதைக் கேட்பாவா, குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதைக் கேட்பாவா, அயலவை என்ன செய்யினம் என்று பார்ப்பாவா? இது சமூகவியல்.

சட்டத்தில் என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பீர்கள். வீட்டில் பழைய உறுதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். காணியோடு கிணற்றுப் பங்கும், தண்ணி வாய்க்காலும், வழி வாய்க்காலும் எழுதியிருக்கும். தேசவழமையை ஒல்லாந்தர் தொகுத்து எழுதியது 1707 இல். சீதனமும் முதுசமும் பிரியப் பிரிய ஒரே கிணற்றில் எட்டிலொன்று, பதினாறிலொன்று என்று பங்கு வந்து நிற்கும். ஒரு கிணற்றில் எத்தனை வீடு தங்கியிருக்கிறது என்று தேடுகிற நோய்ப்பரவியல் ஆய்வாளருக்கு அந்த உறுதிகள் பெரிய புதையல். தூசி தட்ட ஆள் இல்லை.

ஆனால் உறுதியில் பங்கு எழுதப்படாதவர்களும் தண்ணீர் குடித்தவர்கள்தான். யாழ்ப்பாணத்தில் கிணறு என்று சொன்னால் சாதி என்று சொல்லாமல் போக ஏலாது. யார் அள்ளலாம், யார் தள்ளி நின்று வார்த்துவிடும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேணும் என்பதெல்லாம் எங்கட கிணற்றுக்கட்டுகளில் நடந்த வரலாறு. கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்கு 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். அதை இலக்கிய மாணவர்கள் படித்துக் குறிப்பெழுதிச் சோதினையும் எழுதிவிடுகிறோம். அந்த நாவலை வாசித்த ஒருவர் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகிற குழுவில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: வரைபடத்தில் புள்ளி வைத்த இந்தக் கிணறுகள் ஆருடையவை? பத்து வீட்டுக்கு ஒன்றாக ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற பொதுக்கிணறு இதில் இருக்கோ?

இந்த இடைவெளிக்கு விலை கொடுத்தும் இருக்கிறோம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதக்குது என்று சனம் சொன்னபோது, மாகாண சபை அமைத்த நிபுணர் குழு எண்ணெய் மாசு இல்லை என்றது. வேறு பரிசோதனைகள் இருக்கு என்றன. கடைசியில் 2019 இல் உயர் நீதிமன்றம் நிலத்தடி நீர் மாசுபட்டதை ஏற்று, மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்த்தது. தீர்ப்பு வரும்வரைக்கும் இரண்டு வகை அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு குடிக்கிறதா விடுகிறதா என்று நின்றது சனம். எந்த ஆய்வை, ஏன் நம்புவது என்பதும் ஒரு ஆய்வுத் தலைப்புத்தான். மெய்யியல் துறையும் ஊடகக் கற்கைகளும் அதற்குத்தான் இருக்கின்றன.

இரணைமடுவும் இப்படித்தான். குளத்தில் மிஞ்சும் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவரலாம் என்று பொறியியல் கணக்குச் சொன்னது. கிளிநொச்சி விவசாயிகள் நம்பவில்லை. திட்டம் இழுபட்டு, பாதை மாறி, 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்ததில் போய் நின்றது. விவசாயி ஏன் நம்பவில்லை என்பதைத் திட்டத்தின் முதல் வருடத்திலேயே ஆராய வேண்டிய கேள்வியாக எடுத்திருந்தால் எவ்வளவு காலம் மிஞ்சியிருக்கும்?

இப்படிச் சொன்னவுடனே "அப்ப பல்துறை ஆய்வு செய்ய வேணும் எண்டுறீர்" என்பார்கள். அந்தச் சொல்லில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நிதி விண்ணப்பத்தில் அது நல்லாத்தான் இருக்கும். கடைசியில் ஒரே கட்டுரையில் ஐந்து பேரின் பெயர் வரும், எழுதினது ஒருத்தராக இருப்பார். ஏற்றப் பாட்டைப் பாட்டுக்காகவே படிக்கிற ஆளும் வேணும். அவர் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துத்தான் தன் படிப்பை நியாயப்படுத்த வேணும் என்றால் ஒரு நல்ல நாட்டார் வழக்காற்றியலாளரை இழந்துவிடுவோம். அவரவர் தங்கட கிடங்கை ஆழமாய்த் தோண்டட்டும்.

நான் கேட்பது வேறை. எங்கட பக்கத்தில் விஞ்ஞானமும் மருத்துவமும் ஆங்கிலத்தில் நடக்குது. கலைப்பீடத்தில் பெரும்பாலும் தமிழ். ஆகவே நைத்திரேற்று ஆய்வேட்டை என் வகுப்பில் பாதிப்பேர் திறக்கமாட்டார்கள். கிணற்றுப் பங்கைப் பற்றித் தமிழில் எழுதிய ஆய்வேடு இருப்பதே மருத்துவபீடத்துக்குத் தெரியாது. இரண்டும் ஒரே லைப்ரரியில் இரண்டு தட்டில் இருக்கும். ஒவ்வொரு இளமாணி ஆய்வேட்டோடும் மற்ற மொழியில் இரண்டு பக்கம், துறைக்கு வெளியே உள்ளவருக்கு விளங்குகிற மாதிரி, கட்டாயமாகக் கேட்கலாம். பரீட்சகர் அதற்குப் பத்துப் புள்ளி ஒதுக்கலாம். எழுதத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள், கலைப்பீடத்திலும் இருப்பார்கள். பழகட்டும்.

ஒன்று மறந்துபோனேன். அந்த இரண்டு பக்கத்தின் பிரதி ஒன்று, தண்ணீர் மாதிரி எடுத்த வீட்டுக்கும் போக வேண்டும். போத்தலில் அள்ளிக்கொண்டு போன பிறகு என்ன நடந்தது என்று அவைக்கு ஒருத்தரும் வந்து சொல்லுறேல்லை.