பாட்டுக்கு உரிமம், செய்திக்குப் பூட்டு

பாலாற்றங்கரை மக்களாகிய நாம் மகிழ வேண்டிய செய்தியொன்று 2024 ஆகஸ்ட் 28 அன்று தில்லியிலிருந்து வந்தது. நாடெங்கும் 234 புதிய நகரங்களில் 730 தனியார் பண்பலை வானொலி அலைவரிசைகளை ஏலத்தில் விட ஒன்றிய அமைச்சரவை அன்று ஒப்புதல் அளித்தது. அந்த நகரங்களின் பட்டியலில் நம் வாணியம்பாடியும் இடம் பெற்றுள்ளது. தோலுக்கும் காலணிக்கும் மட்டுமே பேர் பெற்ற நம் வட்டாரத்துக்கு இது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு சேர்ந்து வரும் நிபந்தனையைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

தனியார் பண்பலை நிலையம் பாட்டு ஒலிபரப்பலாம், வேடிக்கை பேசலாம், விளம்பரம் செய்யலாம். செய்தி மட்டும் சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பிக்கொள்ளலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, விழா ஆகியவை செய்தியல்ல என்று விதி விலக்களிக்கிறது. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், நோய் எச்சரிக்கை பற்றிய அறிவிப்புகளுக்கும் விலக்குண்டு. ஆனால் அவை உள்ளூர் நிர்வாகம் கொடுத்தவையாக இருக்க வேண்டும்.

இதன் பொருளை நம் தெருவில் வைத்துப் பார்ப்போம். ‘நாளை ஆம்பூரில் குடிநீர் வராது’ என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால் வானொலி அதை வாசிக்கலாம். ‘ஏன் வராது?’ என்று அவ்வானொலி விசாரித்துச் சொன்னால் அது செய்தி, ஆகவே குற்றம்! அறிவிப்புக்கு அனுமதி உண்டு; கேள்விக்கு இல்லை. இதற்குப் பெயர் ஒழுங்குமுறையா, வாய்ப்பூட்டா?

அதே கேள்வியை ஒரு நாளேடு அச்சிடலாம். அதே கேள்வியைச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி இருபத்துநான்கு மணி நேரமும் எழுப்பலாம். கைப்பேசியில் எவரும் எதையும் பரப்பலாம். பெயரும் முகவரியும் உரிமமும் கொண்டு, அரசுக்குக் கட்டணமும் செலுத்தும் வானொலி மட்டும் ஊமையாக இருக்க வேண்டுமாம். இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமான காரணம் எதையும் நம்மால் காண இயலவில்லை.

வானொலியின் அருமை கண்ணும் கையும் ஓய்ந்திருப்போர்க்கு விளங்காது. பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்களைக் கேளுங்கள். ஆம்பூரில் காலணியின் மேற்பாகம் தைக்கும் நம் பெண்மக்களைக் கேளுங்கள். அவர்களுக்கு நாளேடு விரிக்க நேரமில்லை. திரையைப் பார்த்தால் வேலை கெடும். காது ஒன்றே அவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல். அந்த வாசலில் பாட்டை விட்டுவிட்டுச் செய்தியைத் தடுப்பது யாருக்கு இழைக்கும் அநீதி?

இந்த மனப்பான்மைக்கு வயது அதிகம். 1885-ஆம் ஆண்டில் அந்நிய ஆட்சி இயற்றிய தந்திச் சட்டம், தகவல் தொடர்பை அரசின் தனியுரிமை ஆக்கிற்று. ஆயினும் சென்னையில் வானொலியைத் தொடங்கி வைத்தது அரசன்று. 1924-இல் ஆர்வலர்கள் கூடி அமைத்த சங்கமே. 1930-இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்று நடத்தியது. 1938-இல்தான் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. மக்கள் தொடங்கி வைத்ததை அரசு எடுத்துக்கொண்டது என்பதே வரலாறு. விடுதலைக்குப் பின்னும் அது மக்களிடம் திரும்பவில்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே கதவு சற்றுத் திறந்தது. திறந்த கதவின் வழியே பாட்டு வந்தது. செய்தி வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

தடை எந்நாளும் பயன் தந்ததில்லை என்பதற்கு நம் வீடுகளே சாட்சி. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதி அதனை வானொலியில் ஒடுக்கினார். மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். பாக் நீரிணையைக் கடந்து வந்த அலை எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாட்டுக்குத் திரும்பிய முள் பல முஸ்லிம் இல்லங்களில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியிலும் நிலைத்து நின்றது. ஈற்றில் 1957-இல் ‘விவித் பாரதி’யைத் தொடங்கி அரசே இறங்கி வந்தது. அன்று பாட்டுக்குப் பூட்டு. இன்று செய்திக்குப் பூட்டு. பூட்டுகிறவர்கள் மட்டும் பாடம் கற்கவில்லை.

அண்டை நாடுகளைப் பாருங்கள். இலங்கையில் தனியார் தமிழ் வானொலிகள் செய்தி ஒலிபரப்புகின்றன. நேபாளத்தில் 1997-இல் ‘ரேடியோ சாகர்மாதா’ தொடங்கியது முதல் மலையூர்கள் தோறும் சமுதாய வானொலிகள் எழுந்தன. 2005 பிப்ரவரி 1 அன்று அந்நாட்டு மன்னர் ஆட்சியைத் தம் கையில் எடுத்தார். உடனே பண்பலையில் செய்திக்குத் தடை விதித்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. செய்தி மீண்டும் ஒலித்தது. முடியாட்சி சில மாதங்கள் விதித்த தடையை, உலகின் மாபெரும் மக்களாட்சி என்று பெருமை பேசும் நாம் 2001-இல் முதல் தனியார் பண்பலை ஒலித்த நாள்தொட்டுச் சுமந்து வருகிறோம். நாணம் வரவேண்டாமா?

‘செய்தி கலவரத்தை மூட்டும்’ என்பர் சிலர். 2015 ஜூனில் ஆம்பூர் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. மறக்காததால்தான் கேட்கிறோம்: அத்தகைய இரவுகளில் ஊரை எரிப்பது செய்தியா, செய்தியின்மையா? உண்மை உறங்கும் இடத்தில்தான் வதந்தி விழித்திருக்கும். ஒருவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரியாமல் நம்பாதீர் என்பது நம் மார்க்கம் விதித்த கடமை. விசாரித்துச் சொல்ல ஊரறிந்த குரலொன்று இல்லாவிடில் மக்கள் எங்கே போய் விசாரிப்பர்? தவறு செய்யும் நிலையத்தைத் தண்டிக்க உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் அரசின் கையிலேயே இருக்கிறதே!

இனி, நமக்கே கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமைச்சரவை ஒப்புதல் தந்த அதே ஆகஸ்ட் 28-ஆம் நாள்தான், 1996-இல், வேலூர்த் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போனதாக அத்தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தக் கிணறு உப்பாயிற்று, எவருக்கு இழப்பீடு வந்தது, எவருக்கு வரவில்லை என்பதை ஊர்மொழியில் நாள்தோறும் சொல்லும் வானொலி இருந்ததா?

இருந்தால் அது நம் வாசலையும் தட்டும். தோல் தொழிலில் நம்மவர் பங்கு பெரிது. அத்தொழில் ஈட்டிய செல்வத்தால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன, நன்றியோடு நினைக்கிறோம். எனினும் ஆற்றின் நிறத்துக்கும் பொறுப்பு நமக்குண்டு. உண்மைக்குச் சாட்சி சொல்வது நமக்கும் நம் உறவினருக்கும் பாதகமாயினும் சொல்ல வேண்டும் என்று கற்றவர் நாம். அரசின் பூட்டைக் கண்டிக்கும் நாம், விளம்பரம் தரும் செல்வரின் பூட்டை ஏற்றுக்கொள்வோமானால் நம் வாதம் வெறும் பேச்சாகும். ஆலை மூடினால் கூலியிழக்கும் தொழிலாளியின் குரலும், சுத்திகரிப்புச் செலவில் திணறும் சிறு முதலாளியின் குரலும், நிலமிழந்த உழவரின் குரலும் ஒரே அலைவரிசையில் ஒலிக்கட்டும். நியாயத்தை ஊர் தேர்ந்துகொள்ளும்.

நாம் கேட்பது புரட்சியன்று. தனியார் பண்பலைக்கு மணிக்குப் பத்து நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023-இல் பரிந்துரைத்தது. அரசு அமைத்த ஆணையத்தின் சொல்லை அரசே நிறைவேற்றட்டும். சமுதாய வானொலிகளுக்கும் அவ்வுரிமை நீளட்டும். கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002-இலேயே வழி திறந்துவிட்டது. நம் நிறுவனங்கள் அவ்வழியில் நடக்கட்டும். வாணியம்பாடியில் புதிய வானொலி ஒலிக்கும் நாளில் பீடி முறத்தின் அருகே அமர்ந்திருக்கும் தாய்க்குப் பாட்டு கிடைக்கும். தன் கிணற்று நீர் ஏன் கசக்கிறது என்ற விடையும் அவளுக்குக் கிடைக்க வேண்டும். அதுவரை நம் குரல் ஓயலாகாது.