துறந்தவர் கணக்கு

துறவைப் பற்றித் திருவண்ணாமலையிலிருந்து எழுதுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் இந்த இதழில் ஒரு கிரிக்கெட்காரரின் துறவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சார்லஸ் தாமஸ் ஸ்டட் 1900 முதல் 1906 வரை ஊட்டி யூனியன் சர்ச்சில் போதகராக இருந்தார். ஆஸ்துமா மூச்சுத்திணறலோடு பிரசங்கம் செய்துகொண்டிருந்த அந்த மனிதர், ஒரு காலத்தில் இங்கிலாந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். 1882 ஆகஸ்ட் 29, லண்டன் ஓவல் மைதானம். ஆஸ்திரேலியாவை வெல்ல 85 ரன் போதும். ஆஸ்திரேலியரான ஸ்போஃபோர்த்தின் பந்துவீச்சில் விக்கெட்டுகள் மளமளவென்று சரிகின்றன. அந்த சீசனில் ஆஸ்திரேலியர்களுக்கு எதிராகவே இரண்டு சதம் அடித்திருந்த ஸ்டட்டைப் பத்தாவது ஆளாகத்தான் இறக்கினார்கள். அவர் ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளவில்லை. கடைசி ஆளான பீட், மறுமுனையில் நின்ற ஸ்டட்டை நம்பாமல் மட்டையைச் சுழற்றி அவுட்டானார். 7 ரன்னில் தோல்வி. இவ்விரு அணிகளின் டெஸ்ட் தொடரை ஆஷஸ் என்கிற பேச்சே அந்தத் தோல்வியில் பிறந்ததுதான்.

1885இல் அவர் மட்டையை வைத்துவிட்டுச் சீனாவுக்கு ஊழியம் செய்யப் போனார். 25 வயது நிறைந்தபோது தகப்பன் சொத்தில் பங்காக வந்தது 29,000 பவுண்டு. அதையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். இந்தியாவில் சால்வேஷன் ஆர்மி வேலைக்காக பூத் டக்கருக்குப் போனது 5,000 பவுண்டு. கல்யாணத்துக்கு முன் மிச்சமிருந்த 3,400ஐ மணப்பெண் பிரிசில்லாவிடம் நீட்டினார். அதையும் கொடுத்துவிடச் சொன்னவர் பிரிசில்லாதான். பேப்பர்க் கடனில் இதழ் நடத்துகிற நமக்கு இதைப் படித்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

புகழ்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தகப்பன் எட்வர்ட் ஸ்டட், பீகாரின் திர்ஹுத்தில் அவுரித் தோட்டம் வைத்துப் பொருள் சேர்த்தவர். அவுரி நமக்கும் அந்நியமில்லை, தென்னார்க்காட்டில் விளைந்த பயிர். திர்ஹுத் வட்டாரத்துச் சம்பாரணில், 20 கட்டா நிலத்தில் 3 கட்டா அவுரி போட்டே தீர வேண்டும் என்று குடியானவனைக் கட்டிவைத்திருந்தார்கள். 1917இல் காந்தி அங்கே போனது அதற்காகத்தான். துறந்தது மகன். அந்தச் சொத்துக்கு நிலத்தில் உழைத்தவன் யார் என்று காசோலையில் எழுதுவதில்லை.

ஓவல் தோல்விக்குச் சரியாக 14 ஆண்டு கழித்து, 1896 ஆகஸ்ட் 29இல், மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், பின்னாளின் ரமண மகரிஷி, வீட்டை விட்டுக் கிளம்பினான். தேதி ஒத்துப்போனது தற்செயல். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்தான். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டும் எழுதிவைத்தான். பிறகு நம்மூர் அய்யங்குளத்தில் எஞ்சிய சில்லறையை எறிந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தச் சீட்டுதான் பெரிதாகப் படுகிறது. துறவுக்குப் பணம் கொடுத்தது யார் என்பது அதில் இருக்கிறது. பின்னாளில் தாய் அழகம்மாளும் மலைக்கே வந்து, 1922இல் இறக்கும்வரை மகனோடு இருந்தார்.

பிரிசில்லாவுக்கு அது வாய்க்கவில்லை. ஏற்கெனவே ஊழியத்துக்குப் போயிருந்த காங்கோவுக்கு 1916இல் மறுபடி கப்பலேறிய ஸ்டட் ஊர் திரும்பவே இல்லை. லண்டனில் இருந்து மிஷனுக்கு ஆளும் பணமும் திரட்டி அனுப்பியவர், உடல்நலம் குன்றியிருந்த அந்த மனைவி. 1928இல் ஒரே ஒருமுறை காங்கோ போனார். இரண்டு வாரம் கணவரோடு இருந்தார். அடுத்த ஆண்டு ஸ்பெயினில் காலமானார். ஸ்டட் 1931இல் காங்கோவின் இபாம்பியில்.

ஸ்டட்டின் வாழ்க்கையைத் தமிழில் எழுத யாராவது முன்வந்தால், திர்ஹுத்தையும் பிரிசில்லாவையும் விடாமல் எழுதுவதானால், தொடராக வெளியிடப் பக்கம் தருகிறோம். சன்மானம் மட்டும் கேட்கக் கூடாது.