கிளமெண்டி காவல் பிரிவு: வட்டாரத்துக்கு எல்லை உண்டு, மோசடிக்கு இல்லை

இந்தியாவில் மாநிலக் காவல்துறை வேறு, மத்தியப் புலனாய்வுத் துறை வேறு. சிங்கப்பூரில் அந்த இரண்டு அடுக்கு இல்லை. தீவு முழுவதற்கும் ஒரே காவல்துறை. அது ஏழு தரைப் பிரிவுகளாக இயங்குகிறது. அவற்றில் ஒன்று, கிளமெண்டி அவென்யூ 5ல் தலைமையகம் கொண்ட கிளமெண்டி காவல் பிரிவு.

பிரிவுத் தலைமையகத்தில் விசாரணை அதிகாரிகள் இருக்கின்றனர். அதன்கீழ் அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் சுற்றுக்காவலையும் சமூகத் தொடர்பையும் கவனிக்கின்றன. கொலை போன்ற கடுமையான குற்றங்களைக் குற்றப் புலனாய்வுத் துறை கையில் எடுக்கும். போதைப்பொருளுக்கும் ஊழலுக்கும் தனி அமைப்புகள் உள்ளன.

வட்டாரத்தை அறிந்திருப்பதே இத்தகைய பிரிவின் பலம். எந்த புளோக்கில் சைக்கிள் திருட்டு அதிகம், எந்தக் கடைத்தொகுதியில் தகராறு வரும் என்பது அங்குப் பணியாற்றும் அதிகாரிக்குத் தெரியும். 1983ல் அக்கம்பக்கக் காவல் சாவடிகள் தொடங்கப்பட்டதன் நோக்கமும் அதுதான். பின்னர் காலம் மாறியது. அதிகாரிகளுக்குப் பதிலாகத் தானியங்கிச் சாதனங்களில் 24 மணி நேரமும் புகார் செய்யும் முதல் சாவடி, 2015ல் கிளமெண்டி வெஸ்ட் ஸ்திரீட் 2ல் திறக்கப்பட்டது.

இன்றைய பெரிய சவாலான மோசடிக்கோ வட்டாரமே கிடையாது. அழைப்பவர் வெளிநாட்டில் இருப்பார். பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளைத் தாண்டிவிடும். 2024ல் மட்டும் 51,501 மோசடிச் சம்பவங்களில் குறைந்தது $1.1 பில்லியன் பறிபோனது. சராசரியாக ஆளுக்கு அதிகத் தொகையை இழந்தவர்கள் முதியவர்கள்.

இதனால் பணத்தைத் தடம் பிடித்து முடக்கும் பணி 2019 முதல் மோசடித் தடுப்பு நிலையத்தில் குவிக்கப்பட்டுள்ளது. அப்படியானால் வட்டாரப் பிரிவுக்கு என்ன வேலை? இரண்டு வேலைகள் உள்ளன. வங்கிக் கணக்கை இரவல் கொடுத்தவர்கள் இங்கேதான் வசிக்கின்றனர். ஏழு பிரிவுகளிலும் உள்ள மோசடி முறியடிப்புக் குழுக்கள் அவர்களைப் பிடிக்கின்றன. ஏமாற்றப்படுபவரும் இங்கேதான் இருக்கிறார். “நான் பேசுவது உண்மையான அதிகாரியிடம்தான்” என்று பிடிவாதம் செய்பவரின் கதவைத் தட்டி எடுத்துச் சொல்ல, தொலைவில் உள்ள கணினியால் முடியாது.

எவ்வளவு சொல்லியும் கேட்காதவர்களுக்காகவே 2025 ஜூலை 1ல் மோசடிப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. காவல்துறை உத்தரவிட்டால், ஒருவரின் வங்கிப் பரிவர்த்தனைகளை 30 நாள்வரை கட்டுப்படுத்தலாம். தேவைப்பட்டால் அதை நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க அனுமதி கோரலாம்.

ஒருவரின் சொந்தப் பணத்தில் அரசாங்கம் கைவைப்பது சிறிய அதிகாரமன்று. அதனால்தான் அது கடைசி வழியாக வைக்கப்பட்டுள்ளது. அந்தக் கட்டம் வராமல் தடுக்கக்கூடியவர்கள் குடும்பத்தினரும் அண்டைவீட்டாருமே. தாத்தா, பாட்டி நம்பும் மொழியில் முதலில் பேசக்கூடியவர்களும் அவர்கள்தான். சந்தேகம் எழுந்தால், பணம் அனுப்புவதற்குமுன் 1799 என்ற எண்ணை அழைக்கலாம்.