தாங்கும் கரங்கள் தளரலாமா?

மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை பிறர் துணையின்றி உட்காரக் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் பிடிக்கும். அத்தனை காலமும் பழகிய கரம் ஒன்று அதைத் தாங்கிப் பிடித்தாக வேண்டும். சிகிச்சையாளர் பாதியில் பணியை விட்டு விலகினால், புதியவரிடம் அந்தக் குழந்தை பழகுவதற்கே மேலும் சில வாரங்கள் கழிந்துவிடும். இழப்பு விலகியவருக்கல்ல, குழந்தைக்குத்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் கிராமவாசிகள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக உயர்த்தியது. உரிமை பெறுவோரின் வட்டம் விரிந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால், இயன்முறை சிகிச்சையாளர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கிறார்கள். கிராமங்களுக்குச் செல்லும் சிலர் மீது மொத்தச் சுமையும் விழுகிறது.

மருத்துவமனையில் நோயாளி சிகிச்சையாளரைத் தேடி வருகிறார். சமூக மறுவாழ்வுப் பணியிலோ, சிகிச்சையாளர்தான் பேருந்து பிடித்து வீடு வீடாகச் செல்ல வேண்டும். பயணத்தில் கழியும் நேரம் பணிநேரமாகக் கருதப்படுவது அரிது. மாலையில் பதிவேடுகளும் அறிக்கைகளும் காத்திருக்கும். "என் பிள்ளை எப்போது நடப்பான்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கும் தாய்க்குச் சொல்லப் பதிலும் இருக்காது. இதற்கிடையே, ஒப்பந்த நியமனம் அடுத்த ஆண்டு நீடிக்குமா என்கிற கவலை வேறு. தன்னார்வ அமைப்புகள் அரசு மானியத்தை நம்பி இயங்குபவை. மானியம் தாமதமானால் முதலில் தடைபடுவது ஊழியரின் ஊதியம்தான்.

இத்தகைய சூழலில் ஏற்படும் கடும் சோர்வை, சமாளிக்கப்படாத நீடித்த பணி நெருக்கடியின் விளைவு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. உடலும் உள்ளமும் களைத்துப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகியவையே அதன் அடையாளங்கள். இது நோயல்ல, பணி சார்ந்த நிகழ்வு என்றும் அந்த நிறுவனம் தெளிவுபடுத்தியுள்ளது. அப்படியிருக்க, ஊழியர்களுக்கு ஒருநாள் யோகாசன முகாம் நடத்திக் கடமையை முடித்துக்கொள்வதில் பொருளில்லை. மாற வேண்டியது பணிச்சூழல்.

ஒரு சிறப்பாசிரியருக்குத் தொடக்கநிலையில் 10 மாணவர்கள், அதற்கு மேல் 15 மாணவர்கள் என்கிற விகிதத்தை 2021-இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. பணியிடங்களை உருவாக்குமாறு 2025-இல் மாநிலங்களுக்கு அது உத்தரவிட்டது. வீடு தேடிச் செல்லும் சிகிச்சையாளர்களுக்கும் இத்தகைய உச்சவரம்பு நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். பயண நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். ஊதியம் மானியத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அனுபவமிக்க மூத்தவர்களின் வழிகாட்டுதல் தொடர்ந்து கிடைக்க வேண்டும்.

மறுவாழ்வுப் பணிகளை அரசு தனது "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" மேற்கொள்ள வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 27-ஆவது பிரிவு. இந்தச் சொற்றொடர் தட்டிக்கழிக்கும் சாக்காகிவிடக் கூடாது. ஒருவர் விலகும்போதெல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் சிகிச்சைதான் உண்மையில் வீண் செலவு என்பதில் இருவேறு கருத்துகள் இருக்க முடியாது.

ஊன்றுகோலே ஒடிந்துபோனால், அதை நம்பி நடப்பவர் என்ன செய்வார்?