ஐயாயிரம் ரூபாய் டேபிள் சாவும் பதினாலு சதவீத விரலும்

"சார், மார்பிள் கட்டரைக் கவுத்துப் போட்டு ஒரு டேபிள் சா பண்ணிட்டேன். மொத்தமே ஐயாயிரம்கூட ஆகலை. வந்து பாருங்க" என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் கூப்பிட்டார். நம்ம ஆள்தான். திருநெல்வேலிக்காரர், ஒயிட்ஃபீல்டில் பொட்டி தட்டுகிறவர். போனேன். பால்கனியில் பிளைவுட் மேஜை. நடுவில் ஒரு பிளவு, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் பல் வைத்த பிளேடு. கீழே கட்டரின் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்கும்படி டேப் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஆறாவது படிக்கிற அவர் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

காபியைக் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. சார், கோபிச்சுக்காதீங்க. அந்த மேஜையை இன்னிக்கே பிரிச்சுடுங்க.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். பி.காம் படித்துவிட்டு பேங்கில் லெட்ஜர் பார்க்கிறவன்தான். ஆனால் அதே மேஜையை மூணு வருஷம் முன்னாடி நானும் செய்தேன். ஜே.சி. ரோட்டில் கட்டர், மைசூர் ரோடு டிம்பர் யார்ட் லேஅவுட்டில் ரீப்பர். வீடியோ பார்த்து ரெண்டு சனிக்கிழமையில் முடித்தேன். மூணாவது சனிக்கிழமை ஒரு ரீப்பரை நீளவாக்கில் அறுக்கும்போது அது திரும்பி வந்து வயிற்றில் அடித்தது. பத்து நாள் நீலம் போகவில்லை. "வயித்துல பட்டது கண்ணுல பட்டிருந்தா?" என்று வீட்டம்மா கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மார்பிள் கட்டர் கல் அறுக்கப் பிறந்தது. பல் இல்லாத வைர பிளேடு கல்லைத் தேய்க்கும், கடிக்காது. அதற்காக நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று. அதில் 110 மி.மீ. மர பிளேடைப் போட்டால் பல்லின் வேகம் மணிக்கு 250 கி.மீ. பக்கம் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மரத்துக்குள் ஒரு இறுக்கம் இருக்கும். பாதி அறுபட்டதும் அது தளர்ந்து, வெட்டின வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே வருகிறவை. அவை மரத்தைத் தூக்கி, தள்ளுகிற ஆள் மேலேயே எறியும். மரம் போன இடத்தில், அதை அழுத்திக்கொண்டிருந்த கை இறங்கும். இதைத் தடுக்கத்தான் நிஜமான டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறது. ரிவிங் நைஃப் என்பார்கள். வெட்டின வாயை மூடவிடாது. நம்ம ஐயாயிரம் ரூபாய் மேஜையில் அது எங்கே?

இன்னொன்று. கரண்ட் போகிறது. நீங்கள் பிளேடு மேல் இருக்கிற தூசியைத் துடைக்கிறீர்கள். கரண்ட் வருகிறது. டேப் சுற்றின சுவிட்ச் யாரையும் கேட்காது. கரண்ட் திரும்பி வந்தாலும் நாம் பட்டனை அழுத்தாமல் ஓடாத சுவிட்ச் தனியாகவே விற்கிறது. வீடியோவில் அதை ஏன் யாரும் காட்டுவதில்லை?

உடனே ஒரு பதில் வரும். "ஆசாரிங்க எல்லாம் இதுலதானே வேலை செய்யறாங்க?"

ஆமாம். எங்க ஊர் சா மில்லில் ஒரு ஆசாரி இருந்தார். வலது கையில் ரெண்டு விரல் இல்லை. சின்ன வயசில் அவர் பீடி பிடிக்கும் ஸ்டைலைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். 1923-ஆம் வருஷ தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் விரலுக்கு ஒரு ரேட் கார்டே இருந்தது. சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்ற அட்டவணை. ஆட்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. கட்டைவிரல் 30. நாலு விரலும் போனால் 50. வட்டி விகிதம் மாதிரி இருக்கிறதா? அதுகூட வேலை கொடுத்தவர் ஒத்துக்கொண்டால்தான், இல்லையென்றால் அலைய வேண்டும்.

1948-ஆம் வருஷ தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு இயந்திரங்களுக்குத் தடுப்பு கேட்டது. மாநில விதிகள் வட்ட ரம்பத்துக்கு அந்தத் தகடையே கேட்டன. ஆனால் மோட்டார் ஓடுகிற இடத்தில் பத்து பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அந்தச் சட்டம் எட்டியது. நம் ஹாலில் வார்ட்ரோப் செய்ய வருகிற மூணு பேருக்கு எது எட்டியது?

இங்கேதான் எனக்கு என் மேலேயே கோபம். மர இயந்திரங்களுக்கு எத்தனை லோன் ஃபைல் பார்த்திருப்பேன். கொட்டேஷன் கேட்டேன், மெஷினுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டேன், ஸ்டாக்குக்கு இன்ஷூரன்ஸ் கேட்டேன். பிளேடுக்கு மேல் மூடி இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் ஃபிளாட் இன்டீரியரின்போது ஹால் நடுவில் கவிழ்த்த கட்டர் ஓடியது. நான் சதுர அடிக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆசாரிக்கு வேறு வழி இல்லை, வயிற்றுப்பாடு. பொழுதுபோக்குக்குச் செய்கிற நமக்கு என்ன கட்டாயம்?

அமெரிக்காவில் டேபிள் சா பிளேடு பட்டு வருஷத்துக்குச் சுமார் 30,000 பேர் ஆஸ்பத்திரிக்குப் போவதாக அந்த நாட்டு அரசு அமைப்பே கணக்குச் சொன்னது. அதுவும் மூடி, தகடு எல்லாம் வைத்து விற்கிற ஊரில். அங்கே ஸ்டீவ் காஸ் என்ற வக்கீல், நம்மைப் போல வீட்டில் மரவேலை செய்கிறவர், 1999-இல் விரல் பட்டவுடன் பிளேடு நிற்க வழி கண்டுபிடித்தார். சில மில்லிசெகண்டில் நின்றுவிடும். முதலில் ஹாட் டாக், அப்புறம் தன் விரலையே வைத்துக் காட்டினார். பெரிய கம்பெனிகள் வாங்க முன்வராததால் தானே சாஸ்டாப் என்று ஆரம்பித்தார். அந்த மெஷின் நம் பட்ஜெட்டுக்கு மேலேதான். ஆனால் தகடும் மூடியும் சுவிட்சும் அதைவிட எவ்வளவோ மலிவு.

சரி, என்னதான் செய்வது? காசு இருந்தால் தகடும் மூடியும் உள்ள ஜாப்சைட் டேபிள் சா ஒன்று வாங்குங்கள். மேஜை கட்டும் ஆசையை அதைச் சுற்றிக் காட்டுங்கள். ஆடாத கனமான கால், பிளேடுக்கு இணையாக நிற்கும் ஃபென்ஸ், அறுபட்ட பலகை போய்ப் படுக்கப் பின்னால் அதே உயரத்தில் ஒரு நீட்டிப்பு, கைக்கெட்டும் இடத்தில் தள்ளுகட்டை, முட்டியால் தட்டினால் அணைகிற சுவிட்ச். காசு இல்லையா? சர்க்குலர் சாவைக் கவிழ்க்காமல், இருக்கிற மாதிரியே ஒரு நேர்ப்பட்டையை ஒட்டி ஓட்டுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் பிளைவுட்டை பேனல் சா உள்ள இடத்தில் அளவு கொடுத்து அறுத்து வாங்குங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

அடுத்த முறை வீட்டுக்கு ஆசாரி வரும்போது, ரேட்டைக் கேட்பதற்கு முன்னால் மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதற்கான காசை நாமே சேர்த்துக் கொடுப்போம். மாடுலர் கிச்சனுக்குக் கொடுக்கிற காசில் அது தூசு.

டிஸ்கி: திருநெல்வேலி நண்பரே, பிரிக்க நானே ஸ்குரூ டிரைவரோடு வருகிறேன். காபி மட்டும் போதும் :-)