சித்தப்பா சான்றளிக்க முடியாது



பிரிட்டனில் பிள்ளையைக் குடிமகனாகப் பதிவுசெய்யும் எம்என்1 படிவத்துக்குச் சான்றளிக்க இருவர் வேண்டும். எங்கள் மகளுக்குச் சான்றளிக்க எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவளுடைய சித்தப்பாதான். பிறந்த நாளிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவர். ஆனால் உறவினர் சான்றளிக்கக் கூடாது என்பது விதி. நம் குடும்பங்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சான்றளிக்கும் இருவரில் ஒருவர், தம் தொழில் முறையில் பிள்ளையோடு பழகியவராக இருக்க வேண்டும்: வகுப்பாசிரியர், குழந்தைநலச் செவிலியர், சமூகப் பணியாளர், மதகுரு போன்றோர். மற்றவர் பொதுவாக பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவராகவும், 25 வயதைத் தாண்டியவராகவோ அங்கீகரிக்கப்பட்ட தொழில் செய்பவராகவோ இருக்க வேண்டும். இருவரும் தமக்குள்ளும் உறவாக இருக்கக் கூடாது. கணவனும் மனைவியுமாகக் கையெழுத்திட்டால் செல்லாது. விண்ணப்பத்தைக் கவனிக்கும் வழக்கறிஞரையும் உள்துறை ஊழியரையும் கேட்க வேண்டாம்.

நாங்கள் இறுதியில் வகுப்பாசிரியரைத்தான் கேட்டோம். மகளைப் பற்றி அவ்வளவு அன்போடு பேசி, உடனே ஒப்புக்கொண்டார். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள். பள்ளி மூடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

– ஒரு தாய், ஹாரோ, லண்டன்